பிளவைத் தாண்டினால் அதே அடுக்குதானா?

கேள்வி இதுதான்: முப்பரிமாண சீஸ்மிக் தரவு, அதாவது நிலத்துக்குள் அலைகளை அனுப்பி எதிரொலியில் எடுத்த படம், கையில் இருக்கிறது. ஒரு ஹொரைசனை (ஓர் அடுக்கின் பரப்பை) தொடங்கிவைத்து, அதைத் தானாகத் தொடர்ந்து வரையும் ஆட்டோ டிராக்கரை ஓடவிட்டால், பாறை உடைந்து நகர்ந்த பிளவு ஒன்று வரும்வரை ஒழுங்காகப் போகிறது. பிளவைத் தாண்டியதும் வேறு அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை எப்படிச் சரியாக வரைவது? இயந்திரக் கற்றல் வந்த பிறகும் இதையெல்லாம் கையால்தான் செய்ய வேண்டுமா?

டிராக்கர் எங்கே, ஏன் தவறுகிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அலை ஒரு பாறையைக் கடந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் இம்பீடன்ஸும் வேறாக இருந்தால் அலையில் ஒரு பங்கு மேலே திரும்பி வரும். அடர்த்தியையும் அலைவேகத்தையும் பெருக்கி வரும் எண்தான் இம்பீடன்ஸ். படத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது அந்த எதிரொலி. அலையின் முதன்மை அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 33 மில்லி விநாடி ஆகும். நெருக்கமான அடுக்குகளாகப் படிந்த பாறையில் அலையின் உச்சங்கள் கிட்டத்தட்ட அந்த இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகட்டி நிற்கும்.

டிராக்கர் செய்வதெல்லாம், அடுத்த டிரேஸில் (ஓர் இடத்தில் பதிவான எதிரொலி வரிசையில்) இதே சாயல் உள்ள உச்சம் எது அருகில் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான். பிளவு அடுக்கை 10 மில்லி விநாடி இறக்கியிருந்தால், சரியான உச்சமே அருகில் இருக்கும். சிக்கல் இல்லை. 30 மில்லி விநாடி இறக்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் மேலே இருந்த வேறோர் அடுக்கின் உச்சம் இறங்கி, நம் அடுக்குக்கு நேர் எதிரே வந்து நிற்கும். டிராக்கர் அதைப் பிடித்துக்கொண்டு, பிளவே இல்லாததுபோல நேராகப் போய்விடும். இறக்கம் அரைச் சுற்றை, அதாவது சுமார் 16 மில்லி விநாடியைத் தாண்டியதும் இந்த ஆபத்து தொடங்குகிறது. அலைவேகம் விநாடிக்கு 3000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், படத்தில் இருப்பது போய்த்திரும்பும் நேரம் என்பதால் பாதியாக்கிக் கணக்கிட வேண்டும். அப்போது அது ஏறக்குறைய 25 மீட்டர் இறக்கம்.

அந்த 25 மீட்டருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அதே வேகம், அதே அதிர்வெண்ணுக்கு அலைநீளம் 100 மீட்டர். செங்குத்தாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய எல்லை அதில் கால் பங்கு. ஆக, ஒரு பிளவு பளிச்சென்று உடைப்பாகத் தெரியத் தொடங்கும் அளவும் டிராக்கர் ஏமாறத் தொடங்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். அதைவிடச் சிறிய பிளவுகள் உடைப்பாகத் தெரியாமல் அடுக்கில் ஒரு சிறு வளைவாக மட்டும் தெரியும். ஆழத்தில் நிலைமை இன்னும் மோசம். வேகம் 4500 ஆகி, உயர் அதிர்வெண்கள் தேய்ந்து 20 ஹெர்ட்ஸ் மட்டும் மிஞ்சினால், அதே கால் பங்கு 56 மீட்டர் ஆகிவிடும்.

ஹொரைசன் என்றால் ஒரே காலத்தில் படிந்த ஒரு பரப்பு. அதன் மேல் எங்கே கை வைத்தாலும் ஒரே வயது இருக்க வேண்டும். அலையின் வீச்சு ஒத்துப்போவது அதற்கு ஒரு சான்று மட்டுமே, பிளவின் அருகில் அது பலவீனமான சான்றும்கூட. எனவே பிளவு மலிந்த இடத்தில் வேலையின் வரிசையைத் திருப்பிப்போடுங்கள். முதலில் பிளவுகள், அப்புறம் ஹொரைசன். ஹொரைசனை வரைந்துகொண்டே போய், எங்கே அறுகிறதோ அங்கே பிளவு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் டிராக்கர் நேராகக் கடந்துபோன இடங்களில் இருந்த பிளவுகளெல்லாம் வரைபடத்தில் இல்லாமலே போய்விடும்.

பிளவைப் பார்க்க, அது ஓடும் திசைக்குக் குறுக்காக ஒரு வெட்டுமுகம் எடுங்கள். இன்லைனும் கிராஸ்லைனும் கணக்கெடுப்புக்கு வசதியாகப் போடப்பட்ட கோடுகள். பிளவுகள் அந்தத் திசையை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிளவுக்குச் சாய்வாகப் போகும் கோட்டில் அதன் சரிவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், உடைப்பு மங்கி ஒரு மடிப்பு மாதிரி தோன்றும். எந்த மென்பொருளிலும் விரும்பிய திசையில் ஒரு கோடு போட்டு வெட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அடுத்து கோஹிரன்ஸ். 1995இல் பஹோரிச்சும் ஃபார்மரும் முன்வைத்த இந்த முறை, பக்கத்துப் பக்கத்து டிரேஸ்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தரவு முழுவதும் அளக்கிறது. ஒத்துப்போகாத இடங்கள் கறுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். யாரும் எதையும் வரைவதற்கு முன்பே பிளவுகளின் வலைப்பின்னலை மேலிருந்து பார்க்க முடிவது பெரிய வரம். ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு: டிரேஸ்கள் ஒத்துப்போகாததற்குப் பிளவு மட்டுமே காரணம் இல்லை. பழைய ஆற்றுத் தடத்தின் கரையும் கறுப்பாக வரும், இரைச்சலும் வரும். இன்லைனுக்கு இணையாகச் சீரான இடைவெளியில் கோடுகள் ஓடினால், அது தரவு எடுத்த முறை விட்டுச்சென்ற தடமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கோஹிரன்ஸில் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் வெட்டுமுகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிளவு என்று பெயர் வைக்க வேண்டும்.

சரி, பிளவுகளை வரைந்தாகிவிட்டது. இனி ஹொரைசனை எப்படி அக்கரை சேர்ப்பது?

முடிந்த இடத்தில் எல்லாம் பிளவைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். எந்தப் பிளவும் முடிவில்லாமல் ஓடுவதில்லை. நடுவில் நகர்வு அதிகமாக இருந்து, இரு முனைகளை நோக்கிக் குறைந்து, முனையில் பூஜ்யமாகும். முனைக்கு அப்பால் அடுக்கு உடையாமல் தொடர்ந்து போகும். அந்த வழியாக ஹொரைசனைக் கொண்டுபோய் மறுபக்கத்துக்குத் திரும்பினால், ஊகமே இல்லாமல் சேர்ந்துவிடலாம். இரண்டு பிளவுகள் ஒன்றையொன்று தொடாமல் இணையாக ஓடும் இடத்தில், நடுவே சரிந்த பாலம்போல உடையாத அடுக்கு கிடக்கும். அதுவும் நல்ல வழி. பிளவைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டு, புறப்பட்ட டிரேஸுக்கே திரும்பி வந்து, புறப்பட்ட அதே உச்சத்தில் நிற்கிறோமா என்று பார்ப்பது பழைய பழக்கம். இன்றைக்கும் இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

சுற்றிப் போக வழியில்லை, பிளவு தரவின் எல்லை வரை ஓடுகிறது என்றால், ஒரு பட்டையைப் பார்க்காமல் அடுக்குத் தொகுதியையே பாருங்கள். ஒற்றை உச்சத்துக்கு அடையாளம் கிடையாது. ஆனால் மேலே தடித்த இரட்டைப் பட்டை, அதன்கீழ் 100 மில்லி விநாடிக்கு மங்கலான, கிட்டத்தட்ட வெறுமையான பகுதி, அப்புறம் நெருக்கமான மூன்று மெல்லிய பட்டைகள் என்ற வரிசைக்கு அடையாளம் உண்டு. ஒரு பக்கத்தில் அந்த வரிசை அடங்கும்படி படத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, பிளவுத் தளத்தின் வழியே மறுபக்கத்தில் இறக்கிக்கொண்டே வாருங்கள். சரியான இடம் வந்ததும் இரட்டைப் பட்டை இரட்டைப் பட்டையோடும் வெறுமை வெறுமையோடும் ஒரே நேரத்தில் பொருந்தும். ஒரு சுற்றுக்கு மேலேயோ கீழேயோ வைத்தால் ஒன்று பொருந்தும், மற்றது இடிக்கும். கண்ணுக்கு அது உடனே தெரியும்.

ஆனால் படிவு நடந்துகொண்டிருக்கும்போதே நகர்ந்த பிளவு என்றால் வெட்டிய துண்டு அப்படியே பொருந்தாது. இறங்கிய பக்கத்தில் பள்ளம் இருந்ததால் அங்கே அதிக மண் சேர்ந்திருக்கும், அதே தொகுதி அங்கே தடிமனாக இருக்கும். கீழே போகப் போக நகர்வும் கூடிக்கொண்டே போகும். அங்கே துண்டை இழுத்து நீட்டிப் பொருத்த வேண்டும். எவ்வளவு நீட்டுவது என்பதைப் பக்கத்துக் கோடுகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

கிணறுகள் இருந்தால் வேலை எளிது. சோனிக் (அலைவேக) பதிவையும் அடர்த்திப் பதிவையும் வைத்துச் செயற்கை சீஸ்மிக் டிரேஸ் ஒன்று செய்து, படத்தோடு பொருத்தினால் எந்தப் பட்டை எந்தப் பாறை என்று தெரிந்துவிடும். பிளவின் இருபுறமும் ஆளுக்கொரு கிணறு இருப்பது அதிர்ஷ்டம். பிளவை ஊடுருவிச் செல்லும் கிணறு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் என்பேன். செங்குத்தான கிணறு சாதாரணப் பிளவை (பிளவுத் தளத்துக்கு மேலிருக்கும் பக்கம் இறங்கியதை) கடந்தால் பாறை வரிசையில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். அடுக்குகள் கிடையாக இருந்தால், காணாமல்போன தடிமன்தான் அந்த இடத்தின் செங்குத்து இறக்கம். எதிர்ப் பிளவை (மேலிருக்கும் பக்கம் ஏறியதை) கடந்தால் அதே வரிசை இரண்டு முறை வரும். சீஸ்மிக்கில் நீங்கள் அளந்த இறக்கம் இதோடு ஒத்துவரவில்லை என்றால், உங்கள் பொருத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போகும் சோதனையைத் தயவுசெய்து எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். அரை நாள் போதும் இதற்கு. செங்குத்து இறக்கத்தை எங்கள் வேலையில் த்ரோ என்போம். பிளவின் நீளத்துக்கு, சம இடைவெளியில், ஹொரைசனின் த்ரோவை அளந்து எழுதிக்கொண்டே போங்கள். 5 கிலோமீட்டர் நீளப் பிளவு ஒன்றில் 500 மீட்டருக்கு ஒருமுறை அளக்கிறீர்கள். இரு முனைகளிலும் பூஜ்யம். நடுவில் மில்லி விநாடியில் வரும் எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 8, 20, 34, 46, 52, 15, 3, 22, 9.

முதல் ஐந்து எண்கள் அழகாக ஏறுகின்றன. ஆறாவதில் 52லிருந்து சட்டென்று 15க்கு விழுந்து, அடுத்து 3 ஆகி, மறுபடி 22க்கு ஏறுகிறது. பாறை அப்படி நகராது. ஒரே பிளவின் நடுவில் நகர்வு கிட்டத்தட்ட நின்றுபோய், அரைக் கிலோமீட்டர் தள்ளி மறுபடி தொடங்குவதற்குக் காரணம் வேண்டும். இப்போது அந்த இரண்டு எண்களோடும் ஒரு சுற்றின் 33ஐக் கூட்டிப் பாருங்கள்: 48, 36. வரிசை 8, 20, 34, 46, 52, 48, 36, 22, 9 ஆகிவிடுகிறது. நடுவில் உயர்ந்து இருபுறமும் இறங்கும், பிளவுக்கே உரிய வடிவம். ஆறாவது, ஏழாவது இடங்களில் ஹொரைசன் ஒரு சுற்று தவறி, மேலிருந்த பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. தவறின் அளவு சரியாக ஒரு அலைச் சுற்றாக இருப்பதே அது நம் தவறு, பாறையின் வேலை அல்ல என்பதற்கு அடையாளம். உச்ச த்ரோவான 52 மில்லி விநாடி என்பது 78 மீட்டர். 5 கிலோமீட்டர் நீளத்துக்கு 78 மீட்டர் என்றால் நூற்றில் ஒன்றரைப் பங்கு. பிளவுகளில் இந்த விகிதம் பெரும்பாலும் நூற்றில் ஒன்று முதல் பத்துக்குள் இருக்கும் என்பதால் அதிலும் இடிக்கவில்லை.

எண்களில் உண்மையாகவே பள்ளம் இருந்துவிட்டால்? அதுவும் ஒரு செய்திதான். ஒரே பிளவு என்று நீங்கள் வரைந்தது உண்மையில் இரண்டு பிளவுகளாக இருக்கலாம். தனித்தனியே வளர்ந்து நடுவில் சேர்ந்த பிளவுகளில் சேர்ந்த இடத்தில் த்ரோ குறைவாகவே இருக்கும். அப்போது பள்ளம் ஒரு சுற்று அளவுக்குச் சரியாக விழாது, அதற்கு மேலும் கீழும் உள்ள ஹொரைசன்களிலும் அதே இடத்தில் தெரியும். அதனால்தான் ஒரே ஹொரைசனோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று ஹொரைசன்களுக்கு அளக்கச் சொல்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு சோதனை தடிமன் வரைபடம். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் ஒரு பகுதியை வரைந்து முடித்து, மேல் ஹொரைசனும் கீழ் ஹொரைசனும் தனித்தனியே பார்க்கக் குறையில்லாமல் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்ததும், ஒரு பிளவின் ஒரு பக்கம் முழுக்கத் தடிமன் ஒரே அளவாக, சுமார் 30 மில்லி விநாடி, கூடியிருந்தது. பிளவு நகரும்போது படிந்த அடுக்கு என்றால் தடிமன் பிளவின் அருகில் அதிகமாகவும் விலக விலகக் குறைவாகவும் இருக்க வேண்டும். இது ஒரு மேடை மாதிரி சமமாகக் கூடியிருந்தது. கீழ் ஹொரைசன் அந்தப் பாளம் (பிளவுக்கு ஒரு பக்கத்துப் பாறைத் துண்டு) முழுவதும் ஒரு சுற்று கீழே போயிருந்தது. மூன்று வார வேலையைத் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து ஒரு பாளம் முடிந்ததும் தடிமனைப் பார்க்காமல் அடுத்த பாளத்துக்குப் போவதில்லை.

பிளவுக்குக் கீழே படமே பொய் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பிளவின் நிழல் என்போம். பிளவுத் தளம் சரிவாக இருப்பதால், அதற்குக் கீழே நிற்கும் பாறையைப் பார்க்கப் போகும் அலை, இறங்கிய பக்கத்தின் பாறைகளைக் கடந்துதான் போயாக வேண்டும். 200 மீட்டர் தடிமனுள்ள பாறையில் வேகம் 3500 என்றால் போய்வர 114 மில்லி விநாடி, 2500 என்றால் 160. பிளவு ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், கீழே நேராகக் கிடக்கும் அடுக்குகூட 46 மில்லி விநாடி தொய்ந்ததாக நேரப் படத்தில் தெரியும். அந்தத் தொய்வின் ஓரத்தில் இல்லாத பிளவை வரைபவர்களும், தொய்வுக்குப் பக்கத்தில் இல்லாத மேட்டைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. ஆழம் சார்ந்த, ஸ்டாக் செய்வதற்கு முந்தைய மைக்ரேஷன் (எதிரொலிகளைக் கூட்டுவதற்கு முன்பே அவற்றைச் சரியான ஆழத்துக்கு நகர்த்தும் கணக்கீடு) நல்ல வேக மாதிரியோடு செய்யப்பட்டிருந்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். நேரப் படம் மட்டுமே இருந்தால், பிளவுக்கு அடியில் முக்கோணமாக விழும் பகுதியில் எந்த அமைப்பையும் நம்புவதற்கு முன், அது மேலே உள்ள எல்லா அடுக்கு எல்லைகளுக்கும் கீழே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேலிருக்கும் வேகத்தின் வேலையாக இருக்கலாம்.

வரைபடமாக்கும் கட்டத்தில் ஒன்றே ஒன்று: கிரிட் போடும்போது, அதாவது பரப்பைச் சதுரக் கட்டங்களாக நிரப்பும்போது, பிளவின் குறுக்கே மதிப்புகளை இழுக்க விடாதீர்கள். சாதாரணப் பிளவில் ஹொரைசன் இரு ஓரங்களில் முடிந்து நடுவில் இடைவெளி இருக்கும். 60 பாகை சரிவில் 78 மீட்டர் இறக்கத்துக்கு அந்த இடைவெளி சுமார் 45 மீட்டர். 25 மீட்டர் கட்டங்களில் அது ஏறக்குறைய இரண்டு கட்டம். எதிர்ப் பிளவில் ஒரே இடத்தில் ஹொரைசன் இரண்டு ஆழங்களில் இருக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு ஆழம் என்று மட்டும் ஏற்கும் கிரிட்டில் அது அடங்காது, இரண்டு பாளங்களையும் தனித்தனிப் பரப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இயந்திரக் கற்றல். பிளவைக் கண்டுபிடிப்பதில் அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஷின்மிங் வூவும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஃபால்ட்செக்3டி வலையமைப்பு, ஒவ்வொரு பக்கமும் 128 புள்ளிகள் கொண்ட வெறும் 200 செயற்கை சீஸ்மிக் கனசதுரங்களை வைத்தே பயிற்றுவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் நிஜத் தரவுகளில் பிளவுகளைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. ஏன் செயற்கைத் தரவு என்றால், நிஜத் தரவில் பிளவு எங்கே இருக்கிறது என்ற சரியான விடை யாரிடமும் இல்லை. வலையமைப்பு தரும் விடை ஒவ்வொரு புள்ளியிலும் பிளவு இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்ற எண்தான். எது ஒரே பிளவு, எது எதை வெட்டுகிறது என்பதை அதன்மேல் நாம்தான் கட்ட வேண்டும். கோஹிரன்ஸுக்குப் பதிலாக இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

ஹொரைசனை அக்கரை சேர்ப்பதற்கும் வழிகள் வந்திருக்கின்றன. 2013இல் லுவோவும் டேவ் ஹேலும் காட்டியது எனக்கு மிகப் பிடித்த ஒன்று: பிளவின் இருபுறமும் உள்ள படத்தை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிட்டு, படத்தையே பின்னோக்கி நகர்த்திப் பிளவுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோய், அதன்பிறகு அடுக்குகளைத் தட்டையாக்குவது. துண்டை வெட்டி நகர்த்திப் பார்க்கச் சொன்னேனே, அதையே தரவு முழுவதற்கும் கணினி செய்கிறது. ஆனால் இருபுறமும் ஒரே மாதிரிப் பட்டைகள் திரும்பத் திரும்ப வரும் பாறையில் நாம் தடுமாறுகிற அதே இடத்தில் அதுவும் ஒரு சுற்று தவறும். அங்கே பிளவின் இருபுறமும் "இவை ஒரே அடுக்கு" என்று இரண்டு மூன்று புள்ளிகளைக் கட்டுப்பாடாகக் கொடுத்தால் விடை நன்றாகத் திருந்துகிறது. அந்தப் புள்ளிகளைச் சுற்றிப் போய்ப் பார்த்தோ கிணற்றைப் பார்த்தோ நீங்கள்தான் கொடுக்க வேண்டும். த்ரோ அட்டவணையைக் கணினி வரைந்த ஹொரைசனுக்கும் போட்டுப் பாருங்கள்.

கையால் வரைபவரும் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு 2007இல் கிளேர் பாண்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். ஒரு நிலவியல் மாதிரியிலிருந்து செயற்கையாகச் செய்த ஒரே சீஸ்மிக் படத்தை 412 பேர் வரைந்தார்கள். அசல் மாதிரியின் அமைப்பைச் சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம். மூன்று முக்கியப் பிளவுகளை எடுத்துக்காட்டியவர்கள் 23 சதவீதம். எனவே உங்கள் பகுதியில் சுற்றிப் போகவும் வழியில்லாமல், கிணறும் இல்லாமல், இரண்டு பொருத்தங்கள் சம அளவில் நன்றாகத் தெரியும் பிளவு ஒன்றாவது இருந்தால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனி ஹொரைசனாகச் சேமித்து, இரண்டுக்கும் வரைபடம் போட்டு, அந்தப் பாளத்தின் ஆழம் எந்த வரைபடத்தில் எவ்வளவு மாறுகிறது என்பதை மீட்டரில் எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள். கிணற்றின் இடத்தைக் குறிக்கப் போகிறவருக்கு அந்த இரண்டு எண்களும் தேவை.

பழகிப் பார்க்கத் தரவு வேண்டுமென்றால், வட கடலின் நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த எஃப்3 தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 25 மீட்டர் கட்டம், 4 மில்லி விநாடி இடைவெளி. அதில் ஏதாவது ஒரு பிளவை எடுத்து, டிராக்கரை அதன் குறுக்கே வேண்டுமென்றே ஓடவிட்டு, த்ரோ அட்டவணையைப் போட்டுப் பாருங்கள்.